பங்கு போட்டவன் தப்பிப்பான்! காடு கொடுத்தவன் மாட்டுவான்!

சின்ன எரிவாயுக் கம்பெனிகள் பற்றி விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை



போன மாசம் நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு ரெண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். அவர் தோட்டத்தில் குழாய் பதிக்க ஒரு பட்டை எடுத்ததற்கு நஷ்டஈடாகக் கொஞ்சம் பணம் வந்திருந்தது. அது இவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. வழவழ காகிதத்தில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, "கேஸ்காரன் உங்க காட்டுல குழாய் போட்டுட்டுப் போனானில்லீங்க, இனி நீங்களும் கேஸ் கம்பெனிக்கு முதலாளி ஆகோணுமுங்க. பெரிய கம்பெனி பங்கு ஏறாதுங்க. சின்னக் கம்பெனியாப் பார்த்துப் போடோணும். இன்னைக்குப் பத்து ரூபா. கிணறு வந்துருச்சுன்னா நூறு ரூபா" என்று பேசினார்கள்.

அவர் நல்ல வேளையாகக் கையெழுத்துப் போடவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். "இதுல நவீன கிணறு நிறைவு முறைன்னு போட்டிருக்குது. அப்படின்னா என்னங்க? போடலாமுங்களா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இந்த நோட்டீஸில் எல்லோருக்கும் சொல்கிறோம். பத்து நிமிஷம் ஒதுக்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

போர் போட்ட நமக்கு இது புரியாதா?

இந்தியா முழுக்கப் போர் போடப் போகிற ரிக் வண்டிகள் நம்ம திருச்செங்கோட்டில் இருந்துதான் கிளம்புகின்றன. ஆயிரம் அடிக்குப் போர் போட்டு, தண்ணி வராமல் கடனாளி ஆனவர்களும் நாமதான். கிணறு நிறைவு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பெரிய படிப்புப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம ஊரில் அடியில் இருப்பது கரும்பாறை. மேல் மண் சரியாமல் இருக்க, பாறை தட்டும் வரைக்கும் கேசிங் பைப் இறக்குகிறோம். அதற்குக் கீழே பைப் கிடையாது; பாறைதான் சுவர். மோட்டாரை இறக்கி, ஸ்டார்ட்டர் மாட்டினால் வேலை முடிந்தது. துளை போடுவது பாதி வேலை. அந்தத் துளையைத் தண்ணி கொடுக்கிற கிணறாக ஆக்குவது மீதி வேலை. அந்த மீதி வேலைக்குப் பெயர்தான் கிணறு நிறைவு.

எண்ணெய், எரிவாயுக் கிணற்றிலும் இதே கதைதான். என்ன, அங்கே ஆழம் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஒரு இரும்புக் குழாய்க்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று இறக்குவார்கள். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சிமென்ட் பாலை அடித்து நிரப்புவார்கள். பிறகு எரிவாயு இருக்கிற ஆழத்தில் வெடி வைத்துக் குழாயில் ஓட்டை போடுவார்கள். பாறை இறுகிக் கிடந்தால் தண்ணி, மணல், ரசாயனம் மூன்றையும் கலந்து பேய் அழுத்தத்தில் உள்ளே செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். நிலக்கரிப் படுகையில் இருக்கிற மீத்தேனை எடுப்பதாக இருந்தால், முதலில் அந்தப் படுகையில் நிற்கிற தண்ணியை இறைத்துக் கொட்ட வேண்டும். தண்ணி இறங்கி அழுத்தம் குறைந்தால்தான் வாயு கிளம்பும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சிமென்ட். நம்ம குடிதண்ணிக்கும் அடியில் இருக்கிற வாயுவுக்கும் நடுவில் காவல் நிற்பது அதுவும் அந்த இரும்புக் குழாயும்தான். சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் வாயு குழாய் வழியே வராமல், குழாயை ஒட்டிய சந்து வழியே மேலேறி ஊற்றுக்குள் புகுந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டிமாக் என்று ஒரு கிராமம். கேபட் என்ற கம்பெனி அங்கே பாறையைப் பிளந்து எரிவாயு எடுத்தது. 2009 ஜனவரி 1-ஆம் தேதி ஒரு வீட்டுக் குடிதண்ணிக் கிணறு, உள்ளே சேர்ந்த மீத்தேனால் வெடித்தது. கம்பெனியின் மூன்று கிணறுகளை அடைக்கச் சொல்லி 2010-ல் மாநில அரசு உத்தரவு போட்டது. வழக்கு இழுத்து இழுத்து, 2022 நவம்பரில்தான் அந்தக் கம்பெனிக்குப் பின்னால் வந்த கொடெரா என்ற கம்பெனி, குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை என்று கோர்ட்டில் சொல்லி, ஊருக்குக் குழாய்த் தண்ணி கொண்டு வரப் பணம் கட்ட ஒத்துக்கொண்டது. கிணறு வெடித்ததற்கும் கம்பெனி பணிந்ததற்கும் நடுவில் 13 வருஷம். பணம் உள்ள கம்பெனி என்பதால் அதுவாவது நடந்தது.

நம்ம ஊரில் ரிக் வண்டிக்காரர் ரெண்டு கேசிங் பைப்பைக் குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு மாசத்தில் மண் சரிந்து மோட்டார் மாட்டிக்கொள்ளும். செலவைக் குறைக்கிறவன் முதலில் குறைப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். பணத்துக்குத் திண்டாடுகிற சின்னக் கம்பெனி எதைக் குறைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளங்கைத் தேங்காயும் கம்பெனிக் கணக்கும்

அடுத்து அந்தப் புத்தகத்தில் இருந்த பெரிய பெரிய எண்களைப் பார்ப்போம். இத்தனை கோடி கன அடி எரிவாயு அடியில் கிடக்கிறது என்று போட்டிருந்தார்கள்.

நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக் காட்டுக்குள் நடக்கிறார். தேங்காய் எழுந்து நிற்கிறது. "மூணு இஞ்ச் தண்ணி இருக்குது சாமி" என்கிறார். அந்தச் சொல்லை நம்பி பேங்க் கடன் கொடுக்குமா? போர் போட்டு, மோட்டார் ஓட்டி, தண்ணி விழுவதைப் பார்த்தால்தான் அது தண்ணி.

எண்ணெய்த் தொழிலிலும் மூன்று வகைக் கணக்கு உண்டு. துளையே போடாமல், இருக்கலாம் என்று கணிப்பது ஒன்று. துளை போட்டுப் பார்த்து, இருக்கிறது, ஆனால் எடுத்தால் கட்டுப்படியாகுமா என்று இன்னும் முடிவாகவில்லை என்பது ரெண்டு. இன்றைய விலையில், இன்றைய முறையில் எடுத்து விற்கலாம் என்று உறுதியானது மூன்று. மூன்றாவதுக்குத்தான் உண்மையான மதிப்பு. சின்னக் கம்பெனி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை. அது தேங்காய்க் கணக்கு.

இன்னொரு வித்தையும் உண்டு. போர் போட்ட அன்றைக்குக் கம்ப்ரசர் காற்றில் தண்ணி ஆள் உயரத்துக்குப் பீச்சி அடிக்கும். ஊரே கூடி நின்று பார்க்கும். பத்து நாள் கழித்து மோட்டாரை ஓட்டினால் அரை மணி நேரத்தில் காற்று வாங்கும். பாறையைப் பிளந்து எடுக்கிற எரிவாயுக் கிணறும் அப்படித்தான். முதல் வருஷத்திலேயே வரத்து பாதிக்கும் மேல் விழுவது அமெரிக்க ஷேல் கிணறுகளில் சாதாரணம். ஆனால் பங்கு விற்கிறவர் சொல்வது முதல் மாச வரத்தை மட்டும்தான். அதைக் கேட்டுப் பங்கு விலை ஏறும். விவரம் தெரிந்தவன் விற்றுவிட்டுப் போய்விடுவான். விவரம் தெரியாதவன் வாங்கி மாட்டிக்கொள்வான். வரத்து குறைந்ததும் அடுத்த கிணறு போடப் பணம் வேண்டும் என்று கம்பெனி புதுப் பங்கு அச்சடிக்கும். ஒரு பானை மோரில் இன்னொரு பானை தண்ணி ஊற்றின மாதிரி, நம்ம பங்கின் மதிப்பு நீர்த்துப் போகும்.

'லிமிடெட்' என்றால் என்ன அர்த்தம்?

கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது அழகுக்கு வைத்ததல்ல. பொறுப்புக்கு எல்லை உண்டு என்று அர்த்தம். கம்பெனி எவ்வளவு நஷ்டம் செய்தாலும், பங்குதாரன் போட்ட பணத்துக்கு மேல் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. லட்சம் போட்டவனுக்கு லட்சத்தோடு போச்சு. கம்பெனி கவிழ்ந்தால் பலகையைக் கழற்றிவிட்டு, அடுத்த மாசம் வேறு பெயரில் வேறு பலகை மாட்டலாம்.

காடு கொடுத்த விவசாயிக்கு இந்த 'லிமிடெட்' உண்டா? அவன் ஊற்று கெட்டால் எல்லை எங்கே? அவன் காட்டில் அடைக்காமல் விட்ட கிணறு கிடந்தால், அவன் பேரன் காலத்துக்கும் அது அங்கேதான் கிடக்கும். மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். நிலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியுமா?

இந்த நோட்டீஸின் சாரம் இவ்வளவுதான். பங்கு போட்டவன் நஷ்டத்துக்குச் சட்டம் எல்லை கட்டியிருக்கிறது. காடு கொடுத்தவன் நஷ்டத்துக்கு யாரும் எல்லை கட்டவில்லை.

கனடா நாட்டு விவசாயிக்கு நடந்தது

கனடாவில் ஆல்பர்ட்டா என்று ஒரு மாகாணம். கோதுமையும் மாடும்தான் அங்கேயும் பிழைப்பு. நிலத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். கம்பெனி லைசென்ஸ் வாங்கி வந்தால் விவசாயி வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாடகை வாங்கிக்கொண்டு இடம் விட வேண்டியதுதான்.

அங்கே ரெட்வாட்டர் எனர்ஜி என்று ஒரு சின்னக் கம்பெனி. 84 கிணறுகள் வைத்திருந்தது. பேங்குக்குச் சுமார் 51 லட்சம் டாலர் கடன். 2015-ல் கம்பெனி திவால். சொத்தைப் பொறுப்பெடுக்க வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நல்ல வரும்படி உள்ள 17 கிணறுகளையும் அதைச் சேர்ந்த குழாய்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், விற்றுக் கடனை அடைக்கிறோம், வற்றின கிணறுகள் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். மாட்டில் பால் கறக்கிறதை ஓட்டிக்கொண்டு போய், செத்ததைப் பட்டியிலேயே விட்டுவிட்டுப் போகிற மாதிரி.

கீழ்க்கோர்ட்டுகள் ரெண்டும் அது சரி என்றன. 2019 ஜனவரி 31-ல்தான் கனடா உச்ச நீதிமன்றம், முடியாது, கிணற்றை அடைத்து நிலத்தைச் சரிசெய்கிற கடமை முதலில், பேங்க் கடன் பிறகு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு வரியை வாங்க நாலு வருஷம் கோர்ட்டில் நிற்க வேண்டியிருந்தது. கம்பெனிகள் விட்டுவிட்டுப் போன கிணறுகளை அங்கே அனாதைக் கிணறுகள் என்கிறார்கள். அவற்றை அடைப்பதற்கென்றே தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவும் 2021-ல் இதே வேலைக்கு 470 கோடி டாலர் மக்கள் பணத்தை ஒதுக்கியது. லாபம் எடுத்தவன் யாரோ, அடைக்கிற செலவு ஊருக்கு!

நம்ம தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

தூரத்துக் கதை போதும். நம்ம நாட்டுக்கு வருவோம். மன்னார்குடி மீத்தேன் திட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்ற கம்பெனி. மேற்கு வங்கத்தில் ராணிகஞ்ச் பக்கம் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுத்து வந்தது. 2005-ல் லண்டனில் சின்னக் கம்பெனிகளுக்கென்றே இருக்கிற 'எய்ம்' பங்குச் சந்தையில் போய்ப் பணம் திரட்டியது. நம்ம டெல்டாவில் 1.6 லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பை அதற்கு ஒதுக்கினார்கள். 2011 ஜனவரியில் அன்றைய தமிழக அரசு ஒப்பந்தமும் போட்டது.

யோசித்துப் பாருங்கள். பங்கு போட்டவன் லண்டனில். தண்ணி இறங்கப் போவது மன்னார்குடியில். அவன் நஷ்டம் பங்குச் சந்தைப் பலகையில் ஒரு எண். நம்ம நஷ்டம் மூன்று போகம் நெல்.

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்தார். 2013 டிசம்பர் 30-ல் உயிர் பிரிகிற வரைக்கும் அந்தப் போராட்டத்தில்தான் இருந்தார். விவசாயிகள் விடவில்லை. 2013 ஜூலையில் தமிழக அரசு திட்டத்தை நிறுத்தி வைத்தது. நிபுணர் குழு போட்டது. 2015 அக்டோபரில் அனுமதி கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டது.

அது முடிந்ததும் வேறு வாசல் திறந்தார்கள். கண்டுபிடித்தும் எடுக்காமல் கிடக்கிற சிறு வயல்களைச் சின்னக் கம்பெனிகளுக்கு ஏலம் விடுவது என்று 2015 அக்டோபரில் மத்திய அரசு கொள்கை கொண்டு வந்தது. முன்பணம் கட்ட வேண்டாம். எண்ணெய்த் தொழிலில் முன் அனுபவம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனியும் முழுசாக வரலாம். இது நாங்கள் கட்டிவிட்ட கதை அல்ல. கம்பெனிகளை அழைக்க அரசாங்கமே சலுகையாக விளம்பரப்படுத்தியது.

ஏனுங்க, ரேஷன் கடைக்கு ஆள் எடுத்தால்கூடத் தகுதி கேட்கிறார்கள். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் கேட்கிறார்கள். நம்ம ஊற்றைத் துளைத்துக்கொண்டு போகிற வேலைக்கு அனுபவம் வேண்டாமா?

2017 பிப்ரவரியில் 31 பகுதிகளைக் கொடுத்தார்கள். அதில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல். கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் என்ற கம்பெனிக்குப் போனது. பெண்களும் பிள்ளைகளும் மாசக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். மார்ச் 27-ல் டெல்லியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் நெடுவாசலில் அந்தக் கம்பெனியால் கிணறு போட முடியவில்லை. ஊர் ஒன்றாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2020-ல் டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அது விவசாயிகள் போராடி வாங்கியது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளை அது தொடவில்லை என்ற குறை இருக்கிறது. ஆனாலும் புதுக் கிணற்றுக்கு அது ஒரு வேலி.

வேலி ஒரு பக்கம் போட்டால் இன்னொரு பக்கம் பிரிக்கிறார்கள். 1948-ஆம் வருஷத்து எண்ணெய் வயல் சட்டத்தை 2025-ல் திருத்தினார்கள். நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. முன்பு விதியை மீறினால் ஆறு மாசம் வரை ஜெயில் என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, 25 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றிவிட்டார்கள். தண்டம் கட்டிவிட்டுத் தப்பு செய்யலாம் என்று ஆகிவிட்டது. தண்டம் கட்டவும் காசில்லாமல் கம்பெனி கவிழ்ந்துவிட்டால் யாரிடம் போய் வசூல் செய்வார்கள்?

கொங்கு நாட்டுக்கு இதில் என்ன வேலை?

நம்ம ஊரில் கரும்பாறைதானே, இங்கே எண்ணெயும் இல்லை, கேஸும் இல்லை, நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கிறார்கள். பாறை என்பது உண்மை. அடியில் கேஸ் இல்லை என்பதும் உண்மை. ஆனால் நம்மிடம் இருக்கிற ரெண்டு விஷயம் அவர்களுக்குத் தேவை. ஒன்று, குழாய் போக வழி. ரெண்டு, நம்ம சேமிப்பு.

வழிக்கு என்ன கொடுமை நடந்தது என்று நமக்குத் தெரியும். கொச்சியில் இருந்து பெங்களூருக்குப் போகிற கெயில் குழாயைக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்ட விளைநிலத்தில் கோடு போட்டார்கள். ரோட்டோரமாகக் கொண்டு போ என்று கேட்டோம். 2013-ல் தமிழக அரசும் அதையே சொன்னது. அந்த வருஷம் நவம்பரில் ஐகோர்ட் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கெயில் பக்கம் நின்றது. இருகூரில் இருந்து தேவனகுந்திக்குப் போகிற பாரத் பெட்ரோலியம் குழாய்க்கும் அதே கோரிக்கைதான், அதே போராட்டம்தான்.

இதற்கெல்லாம் ஆயுதம் 1962-ஆம் வருஷத்துக் குழாய்ச் சட்டம். நிலம் உன் பேரில்தான் இருக்கும், பட்டாவும் உன் பேரில்தான். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. நட்டு வளர்த்த தென்னைக்கு ஒரு தொகை உண்டு. உரிமையை எடுத்ததற்கு நிலத்துச் சந்தை மதிப்பில் 10 சதம். நூறு ரூபாய்ப் பொருளைப் பத்து ரூபாய் கொடுத்து என்றைக்கும் வைத்துக்கொள்கிற சட்டம் இந்த நாட்டில் விவசாயிக்கு மட்டும்தான் உண்டு.

அந்தப் பத்து ரூபாயையும் பிடுங்கத்தான் இப்போது திண்ணைக்கு ஆள் வருகிறார்கள்.

நம்ம சேமிப்பு மேல் இவர்களுக்குக் கண் என்பது புதுசு இல்லை. 2009-ல் திருப்பூர் பாசி நிறுவனம் கவிழ்ந்தது. அந்த இயக்குநர்களுக்கு 27 வருஷம் ஜெயில் என்று 2022-ல் கோவைக் கோர்ட் சொன்னது. 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி. எத்தனை பேர் நகையை அடகு வைத்து, காட்டை எழுதிக் கொடுத்துப் போட்டார்கள்! கோழிக்குத் தீவனம் போட ஆள் இல்லாமல் கடைசியில் அரசாங்கம் தீவனம் போட வேண்டி வந்தது. அன்றைக்குக் கோழி, அன்றைக்குக் கரன்சி. இன்றைக்குக் கேஸ் கிணறு என்று வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கோழியையாவது கூண்டில் போய்ப் பார்க்க முடிந்தது. ரெண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிற வாயுவை யார் போய்ப் பார்ப்பது?

எண்ணெய்க் கம்பெனிகள் எல்லாமே மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. ஒழுங்காக நடக்கிற சின்னக் கம்பெனியும் இருக்கும். ஆனால் ஒழுங்கான கம்பெனியிலும் முதல் கிணறு வறண்டு போனால் பணம் போச்சு. அது அந்தத் தொழிலின் குணம். ஆயிரம் அடி போர் பொய்த்தால் வருகிற வேதனை நமக்குத் தெரியும். அதே சூதாட்டத்தை இன்னொரு ஊரில், இன்னொருவன் கையில் பணத்தைக் கொடுத்து ஆட வேண்டுமா?

"அப்போ கேஸே வேண்டாமா?"

இப்படிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும். "உங்க வீட்டுல கேஸ் அடுப்பு இல்லையா? டிராக்டர் டீசல்ல ஓடலையா? எண்ணெய்க்கு வெளிநாட்டுக்காரன்கிட்டக் கை ஏந்திட்டே இருக்கோணுமா?"

நியாயமான கேள்விதான். கச்சா எண்ணெயில் 85 சதத்துக்கு மேலும், எரிவாயுவில் ஏறத்தாழப் பாதியும் வெளிநாட்டில் இருந்துதான் வாங்குகிறோம். நாட்டுக்குள் எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் நினைப்பதில் தப்பில்லை. எங்கள் சண்டை எரிவாயுவோடு அல்ல. நாட்டுக்கு வேண்டும் என்றால் அதன் ஆபத்தையும் நாடு சுமக்கட்டும். லாபம் கம்பெனிக்கு, எரிவாயு ஊருக்கு, ஆபத்து மட்டும் ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு என்று பங்கு பிரிக்காதே என்கிறோம். சோறு போடுகிற நிலத்தையும் தண்ணியையும் கெடுத்துவிட்டு அடுப்பு மட்டும் எரிந்தால், அந்த அடுப்பில் எதை வேக வைப்பது?

நாம் கேட்பது என்ன?

1. கிணறு போட வருகிற கம்பெனி சின்னதோ பெரியதோ, அந்தக் கிணற்றை அடைத்து நிலத்தைப் பழையபடி ஆக்க என்ன செலவாகுமோ அதைத் துளை போடும் முன்பே அரசாங்கத்திடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். லாபம் வந்த பிறகு கட்டுகிறோம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

2. முன் அனுபவம் இல்லாத கம்பெனிக்கு உரிமம் கொடுக்கிற விதியை மாற்ற வேண்டும்.

3. எத்தனை குழாய், எவ்வளவு ஆழம், சிமென்ட் பிடித்ததா என்று சோதித்த அறிக்கை, உள்ளே செலுத்துகிற ரசாயனத்தின் பட்டியல், எல்லாம் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். துளை போடும் முன்பும் பின்பும் சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணியைச் சோதித்து விவசாயி கையில் கொடுக்க வேண்டும்.

4. கம்பெனி கவிழ்ந்தால் பேங்க் கடனுக்கு முன்னால் கிணறு அடைக்கிற கடமை என்று இந்தியச் சட்டத்திலும் தெளிவாக எழுத வேண்டும்.

5. குழாய் ரோட்டோரமாகப் போக வேண்டும். 1962-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 10 சத நஷ்டஈட்டை ஒழிக்க வேண்டும்.

6. நிலத்தில் எண்ணெய், எரிவாயு எடுக்கிற குத்தகையில் மாநில அரசு கையெழுத்துப் போட்டாக வேண்டும். மன்னார்குடியைக் காப்பாற்றியதும் அந்தக் கையெழுத்துதான். விவசாயி சம்மதம் இல்லாமல் எந்த அரசும் அந்தப் பேனாவைத் தொடக் கூடாது.

திண்ணைக்கு ஆள் வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது

பங்கு விற்க வருகிறவரிடம் செபியில் பதிவு செய்த காகிதத்தைக் கேளுங்கள். பங்குச் சந்தையில் பதியாத கம்பெனி விளம்பரம் செய்து, ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்கச் சட்டத்தில் இடம் இல்லை. தனிப்பட்ட முறையில் விற்றாலும் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். பத்திரம், சிட்டா, ஆதார் நகல் கொடுக்க வேண்டாம். சொந்தக்காரர் சொன்னார், மாப்பிள்ளை சொன்னார் என்று போட வேண்டாம். ஈமுவும் அப்படித்தான் பரவியது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். நாங்கள் கூட வருகிறோம்.

கையில் இருக்கிற பணத்துக்குப் பழைய கடனை அடையுங்கள். கிணற்றைத் தூர் வாருங்கள். சொட்டுநீர் போடுங்கள். ஒரு கறவை மாடு வாங்குங்கள். அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. காலையும் மாலையும் பால் கறக்கும்.

விவசாயத் தோழர்களே!

மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் கொடுத்த மண் இது. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்து ரோடுகளை மாட்டு வண்டியால் நிறைத்த கூட்டம் இது. அன்றைக்கு நாம் ஒன்றாக நின்றோம். இன்றைக்கு அவன் அவன் காட்டுக்கு வந்தால்தான் அவன் அவன் பேசுகிறோம். பக்கத்துக் காட்டில் கோடு போடும்போது நாம் பொழியில் நின்று வேடிக்கை பார்த்தால், நாளைக்கு நம்ம காட்டில் கோடு போடும்போது வேடிக்கை பார்க்கக்கூட ஆள் இருக்காது.

மன்னார்குடியும் நெடுவாசலும் தனித்தனியாக நின்றிருந்தால் தோற்றிருக்கும். ஊராக நின்றதால் ஜெயித்தது.

கூட்டத்துக்கு வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். பணத்தைக் கேட்டு வருகிறவனிடமும் நிலத்தைக் கேட்டு வருகிறவனிடமும் ஒரே பதிலைச் சொல்லுவோம்:

முன்பணம் கட்டாத கம்பெனிக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது!
ஊற்றுக்கு உத்தரவாதம் தராதவனுக்கு ஊருக்குள் வேலை கிடையாது!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
உங்கள் சங்கத்துக்காரர்கள்